சிவப்பு நூல் கட்டிய கத்தி

கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன பெட்டியை என் தம்பி மகள் காவ்யா கூடத்தில் வைத்துப் பிரித்தாள். சும்மா பிரிக்கவில்லை. என் கையில் போனைத் திணித்து, "அத்தை, ஆடாம பிடி, அன்பாக்ஸிங் வீடியோ" என்று கட்டளை போட்டுவிட்டுப் பிரித்தாள். பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். சனி ஞாயிறு வந்தால் மலையேறப் போய்விடுவாள். கருட சேவைக்கு ஊருக்கு வருகிற சமயமாகப் பார்த்து எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறாள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் தோல் உறை, உறைக்குள் ஒரு கத்தி. மடக்குக் கத்தி இல்லை. அலகும் பிடிக்குள் ஓடுகிற இரும்பும் ஒரே துண்டாக இருக்கிற கத்தி. தன் உள்ளங்கையைக் காகிதத்தில் வரைந்து அனுப்பி, அவளுக்கென்றே செய்யச் சொன்னதாம். பெட்டி மேல் 'வேட்டைக்கும் வெளிப்புறப் பயணத்துக்கும்' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. எங்கள் தெருவில் வேட்டை என்றால் மாலை ஆறு மணிக்குக் கொசு மட்டையை எடுத்துக்கொண்டு செய்வதுதான்.

கத்தியை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். "லுக் பாரு அத்தை, வேற லெவல்" என்றாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். போனை என்னிடமிருந்து பிடுங்கி, ஐந்து நட்சத்திரத்தையும் வரிசையாகத் தட்டிவிட்டாள்.

"எதை வெட்டிப் பாத்தே?" என்று கேட்டேன்.

"இன்னும் எதையும் வெட்டல."

"அப்புறம் எப்படிடி அஞ்சு?"

"ஐயோ அத்தை, எல்லாரும் அஞ்சுதான் போடுவாங்க. கம்மியா போட்டா செஞ்சவரு பாவம் இல்ல?"

எனக்கு வந்ததே கோபம்! பாவமாம். கோவில் இட்லியையாவது ஒரு துண்டு வெட்டிப் பார்த்துவிட்டுப் பாவம் பார்க்கக் கூடாதா? அவளிடமிருந்து கத்தியை வாங்கினேன். என்னை அறியாமல் மூக்கருகே கொண்டுபோனேன். "இன்னா அத்தை, மல்லிப்பூவா மோந்து பாக்கற?" என்று சிரித்தாள். தையல் மிஷின் எண்ணெயும் புதுத் தோலும் கலந்த வாசனை. இருபத்து மூன்று வயதில் நான் விட்டுவிட்டு வந்த வாசனை. விட்டுவிட்டு வந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். துரத்திவிடப்பட்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் கத்தி பார்க்கிற வேலை செய்தவள். சிரிக்காதீர்கள். பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறி ஓடுகிற சைவ வீட்டுப் பெண், முட்டை உடைகிற சத்தம் கேட்டால்கூட அம்மா முகம் சுளிக்கிற வீட்டுப் பெண், ஒலிமுகமதுபேட்டையில் அன்வர் பாய் பட்டறையில் கத்திகளுக்குச் சரி, தப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். டைப்பிங்கில் லோயர் தேறியிருந்தேன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நம் ஊரில் என்ன செய்ய முடியும்? ஜவுளிக்கடையில் பில் போடலாம். அதற்கும் ஆள் நிறைந்திருந்தது.

அன்வர் பாய் கறிக்கடைக்கும் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கும் கத்தி செய்துகொண்டிருந்தவர். யார் மூலமோ மெட்ராஸில் ஓர் ஏற்றுமதிக்காரர் அவருக்கு அறிமுகமாகி, வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கு ஆர்டர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கத்தி, அவர் கேட்கிற அளவில், அவர் கைக்கு. ஆர்டர் கடிதமெல்லாம் இங்கிலீஷ். பாய்க்கு உருதுவும் தமிழும் தெலுங்கும் பிரமாதமாக வரும், இங்கிலீஷ் மட்டும் வராது. "எனக்கு லெட்டர் படிச்சுச் சொல்ல ஒரு ஆளு வேணும்மா. கத்தியெல்லாம் நீ தொடவே வேணாம்" என்று சொல்லித்தான் என் அப்பாவிடம் சம்மதம் வாங்கினார். முதல் வாரமே கத்தியைத் தொட்டுவிட்டேன். கடிதத்தில் நாலங்குலம் என்று எழுதியிருந்தால் நாலங்குலம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டாமா? அளந்தேன். அளந்தவள் அப்படியே கண்ணாலும் பார்த்தேன். பார்த்தவள் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா?

எங்கள் வீட்டில் புடவை தறியிலிருந்து இறங்கியதும் கடைக்குப் போகாது. அம்மா அதை விரித்து, அடியில் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே வெளிச்சத்தில் பார்ப்பாள். ஜரிகை அறுந்திருந்தாலோ, ஊடை ஓர் இடத்தில் தாவியிருந்தாலோ, அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலை முடிச்சுப் போட்டுவிடுவாள். அப்பா உட்கார்ந்து சரி செய்வார். சரி செய்த பிறகும் நூலை அப்பா அவிழ்க்க மாட்டார். கட்டியவள் வந்து மறுபடி பார்த்து, அவள் கையால்தான் அவிழ்க்க வேண்டும். அப்பா கோபக்காரர், தறியையே எட்டி உதைத்திருக்கிறார். ஆனால் அம்மா கட்டிய நூலில் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அது எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்த நூலை நான் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பிடி சரியாக உட்காராத ஒரு கத்தியில் முதன்முதலாகச் சிவப்பு இழையைக் கட்டி மேசைமேல் வைத்தபோது, பாய் அதைக் கையில் எடுத்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "கத்திக்கு மஞ்சக் கயிறு கட்டிப் பாத்திருக்கேன் ஆயுத பூஜைல. செவப்பு இன்னாமா?" விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். உலையடியில் நின்ற இரண்டு பேரையும் கூப்பிட்டு, "கேட்டுக்கோங்க. பாப்பா கட்டன நூல பாப்பாதான் அவுக்கணும். நானும் தொட மாட்டேன்" என்றார். எனக்கு அன்றைக்குத் தலை கால் புரியவில்லை. ஒன்பது இட்லி சாப்பிட்டேன்.

கர்வம் வந்தால் அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். வந்தது.

பனிமலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற ஒருவர் கத்தி கேட்டு எழுதியிருந்தார். அந்த நாட்டுப் பெயரை விடுங்கள், அப்போது எனக்கு அதை உச்சரிக்கவே வராது. அவர் ஊரில் உரிமம் வாங்கி மான் வேட்டை ஆடலாமாம். தோல் உரிக்க வேண்டும், மூட்டு பிரிக்க வேண்டும், அடுப்பு மூட்டச் சுள்ளி சீவ வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி. கட்டம் போட்ட தாளில் அழகாக வரைந்து அனுப்பியிருந்தார். அன்வர் பாய் வாலாஜாபாத் போய், அரிசி மில் லாரியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டிருக்கிறார். புளிய மரத்தின் வைரம் பாய்ந்த கட்டையில் பிடி. கத்தி வந்து என் மேசையில் படுத்தது, அவ்வளவு அழகு.

கூர் பார்க்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டிலிருந்து ஒரு பட்டு இழை கொண்டுபோனேன். பசை போன, சாயம் ஏறிய ஒற்றை இழை. ஒரு நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டுக் கத்தியை மெல்ல அதன்மேல் கொண்டுபோனேன். இழை கொஞ்சம் சிலிர்த்துக்கொண்டு அறுந்தது. "சிலும்பு நிக்குது பாய். இன்னும் மெல்லிசா வேணும்" என்றேன். பாய் மறுபடி தீட்டினார். மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை இழை தொட்டவுடன் இரண்டாக விழுந்தது, நுனியில் ஒரு பிசிறு கிடையாது. "மாஷா அல்லா! பட்டூரு கத்திமா இது!" என்று பாய் கூவினார். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினோம். பட்டு இழை தீருகிற வரைக்கும் காட்டினோம். பிறகு நான் பெருமையாக 'சரி' என்று சீட்டு எழுதி வைத்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கத்தி திரும்பி வந்தது. கூரில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிறை பெயர்ந்து போயிருந்தது. கூடவே கடிதம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. இடுப்பு மூட்டைப் பிரிக்கும்போது கத்தியைத் திருப்பினேன், கூர் உடைந்து சில்லு தெறித்தது, கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தார். நான் அப்போது சாலையிலிருந்து இரண்டு நாள் நடை தூரத்தில் தனியாக இருந்தேன் என்று எழுதியிருந்தார். குளிரில் என் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை, அடுத்த கத்தியைச் செய்யும்போது எலும்பை நினைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார். அடுத்த கத்தி! இத்தனைக்கும் பிறகு எங்களிடமே இன்னொன்று கேட்டிருந்தார்.

பாய்க்கு ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். கல்யாணப் புடவையைப் பார்க்கிற கண்ணால் வேட்டைக் கத்தியைப் பார்த்திருக்கிறேன். ஒரு காட்டில் ஒரு மனிதர் அதை நம்பி மூட்டுக்குள் செருகித் திருப்புவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டு வெட்டினால் எல்லாம் வெட்டும் என்று நினைக்கிற முட்டாள்தனம் எங்கள் ஊரில்தான் முளைக்கும். பாய் என்னைக் குறை சொல்லவில்லை. "கூரு தீட்டனது நான்தானேமா" என்றார். அது இன்னும் மோசமாக வலித்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, கறிக்கடை மஸ்தான் பாயிடம் போய் நின்றேன். அவர் என்னைத் தெரியாதவர் இல்லை. பட்டறைக்குக் கத்தி தீட்ட வருகிறவர்தான். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "வழி தப்பி வந்துட்டியாம்மா? கோவிலு அந்தாண்ட இருக்குது" என்றார்.

"எனக்கு ஆட்டு இடுப்பு மூட்டு வேணும் பாய்."

"இன்னாது?"

"மூட்டு. கத்தி பாக்கணும்."

 மரக்கட்டைமேல் இடுப்பு மூட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். நான் கத்தியை வைத்தேன். சத்தத்தைக் கேட்டதும் ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி வைத்தேன். இரண்டாம் வாரம் வாந்தி நின்றது. மூட்டுக்குள் கத்தி எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும், எந்தப் பக்கம் திருப்பினால் கூருக்கு அடி, கையில் கொழுப்பு படிந்தால் பிடி எப்படி வழுக்கும், எல்லாம் தெரிந்துகொண்டேன். தெருவில் பேச்சு கிளம்பியது. கிளம்பட்டுமே! நான் சாப்பிடவா போனேன்? சாப்பிடப் போயிருந்தால்தான் என்ன?

அம்மாவுக்கு மட்டும் பதில் சொல்ல முடியவில்லை. என்னைப் பின்கட்டு வழியாக வரவைத்து, கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டாள். "பாவு நூலத் தொடாத, கை நாத்தம் புடிச்சுக்கும்! உன்ன எவன்டி கட்டிப்பான்?" என்று தினமும் ஒரே பாட்டு. ஒரு நாள் அப்படித் திட்டிக்கொண்டே இருந்தவள், நான் தலை துவட்டும்போது கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகக் கேட்டாள்: "எலும்ப வெட்டன அப்புறம் இழை வெட்டுச்சா?"

எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள். துண்டைப் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "ஈரத்தோட மேல விழாதடி" என்று தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து என் வரிசை அதுதான். முதலில் பத்து மூட்டு. அப்புறம் காய்ந்த வேலிக்காத்தான் கட்டை ஒன்றைச் சீவ வேண்டும். கையில் கொழுப்பைத் தடவிக்கொண்டு பிடியைப் பார்க்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு, அதே கூரில், பட்டு இழை. அதிலும் தேறினால்தான் கத்தி. பாய் கூரைக் கொஞ்சம் தடிப்பாக வைக்கப் பழகினார். ஒன்பது கத்தி அப்படிப் போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

பனிமலைக்காரருக்குச் செய்த இரண்டாவது கத்தியை அதே ஸ்பிரிங் பட்டையில் மிச்சமிருந்த துண்டில் அடித்தார் பாய். மூட்டில் தேறியது. கட்டையில் தேறியது. இழையையும் வெட்டியது. கடைசியாகப் பழக்கப்படி அலகு முழுக்க மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி தூவினேன். இரும்பில் விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் கோடு காட்டும். பாய் பழைய இரும்பு வாங்கும்போது செய்கிற சோதனை அது. அவர் சாக்பீஸ் பொடி போடுவார், நான் வீட்டுக் கோலமாவு கொண்டுபோவேன். பிடியை ஒட்டி, அலகின் அடிப்பக்கம், எள் நீளத்துக்கு ஒரு கருப்புக் கோடு எழுந்தது.

துடைத்துவிட்டு மறுபடி தூவினேன். மறுபடி எழுந்தது. சிவப்பு நூலை எடுத்தேன். அதே நேரம் கத்தியை வாங்க அந்த மெட்ராஸ் ஏற்றுமதிக்காரர் வாசலில் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

அவர் வெறும் கத்திக்கு வரவில்லை. அன்று சாயங்காலம் பார்சல் போக வேண்டும், பனிமலைக்காரர் கைக்குப் போகிறதற்கு முன்னால் அங்கே ஒரு பெரிய கடைக்காரரிடம் காட்ட வேண்டும், பிடித்துவிட்டால் நாற்பது கத்திக்கு ஆர்டர். இதைப் பாய் ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார். பெரிய பையனைப் பாலிடெக்னிக்கிலிருந்து நிறுத்த வேண்டியிருக்காது என்றார். நூல் கட்டிய கத்தியைப் பார்த்ததும் பாய் முகம் விழுந்துவிட்டது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ரேகைம்மா இது. தீட்டன ரேகை" என்றார்.

"ரேகைல மண்ணெண்ணெய் நிக்காது பாய். நீங்கதான் சொன்னீங்க."

"இந்த இரும்பு பத்து வருசம் நெல்லு லோடு தாங்கிக்கினு ஓடன இரும்பு. தெரியுமா உனக்கு?"

"அதான் பாய். பத்து வருசம் தாங்கிடுச்சு. இனிமே தாங்குமான்றதுதான் பேச்சு."

மெட்ராஸ்காரர் குறுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. "இந்தப் பொண்ணு வேட்டைக்குப் போயிருக்குதா?" என்று பாயிடம் கேட்டார், என்னிடம் இல்லை.

"நான் போகல சார். கத்தி போவுதே" என்றேன்.

"நூலை அவுத்துடும்மா. டைம் ஆகுது. எல்லாம் போற வழிக்குப் போவும்."

"அவுக்க மாட்டேன்."

பட்டறையில் சம்மட்டி நின்றது. பாய் என் பக்கத்தில் வந்தார். அவர் அப்படிக் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதில்லை. "பாப்பா, உன் வாயால சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் உன்ன இது வரைக்கும் எதுவும் கேட்டதில்ல." அவருடைய கை நூலுக்கு அரை அங்குலத்தில் இருந்தது. கத்தரிக்கோல் மேசைமேலேயே கிடந்தது. இழுத்தால் வருகிற ஒற்றை முடிச்சு அது. அவர் தொடவில்லை. தான் சொன்ன சொல்லுக்காக அந்த மனிதர் தொடவில்லை. 

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் சொன்னேன். "முன்ன ஒரு தடவ சரின்னு எழுதிக் குடுத்தேன் பாய். அந்தாளு தனியா நின்னுக்கினு இருந்தாரு. இந்தக் கத்திய மூட்டுல வச்சுத் திருப்புவாரு. பிடிக்குக் கிட்ட ஒடிஞ்சா கை நேரா கூரு மேல போவும். மறுபடி எழுத மாட்டேன். ரேகைன்னு சொல்றீங்கல்ல, வைஸ்ல கட்டி ஒரு வளைப்பு வளைங்க. தாங்கிச்சுன்னா நானே அவுக்கறேன், உங்க கால்லயும் விழறேன்."

"அதெல்லாம் பண்ணாதீங்க பாய், எனக்குச் சரக்கு வேணும்" என்றார் மெட்ராஸ்காரர்.

 பாய் கத்தியை எடுத்து, வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவில் அலகைக் கொடுத்து இறுக்கினார். பிடியின்மேல் ஒரு இரும்புக் குழாயைச் செருகினார். நூல் கட்டியபடியே இருந்தது. 'பிஸ்மில்லா' என்று சொல்லி மெதுவாக வளைத்தார். நல்ல இரும்பு வளைந்து திரும்பி வரும். இது வளையவே இல்லை. காய்ந்த வறட்டி ஒடிகிற மாதிரி டக்கென்று ஒரு சத்தம். பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

ஒடிந்த இடத்தைப் பார்த்தோம். உள்ளே பாதிக்கு மேல் கருப்பாக இருந்தது, பழைய விரிசல். மெட்ராஸ்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கார் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது. அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

பாய் என்னைப் பாராட்டினார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் பிடியை மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நாளைலேர்ந்து வராதம்மா" என்றார். "நீ சொன்னது சரி. ஆனா உன் மூஞ்சியப் பாத்துக்கினு என்னால உலை ஊத முடியாது." டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் வரைக்கும் நடந்தே வந்தேன். வழியில் தபால் ஆபீசில் ஓர் ஏரோகிராம் வாங்கி, நின்றபடியே, உங்கள் கத்தி வராது, அதில் விரிசல் இருந்தது, மன்னியுங்கள் என்று பனிமலைக்காரருக்கு எழுதிப் போட்டேன். அனுப்புநர் இடத்தில் பழக்கதோஷத்தில் பட்டறை முகவரியை எழுதிவிட்டேன். அவர் பதில் போட்டாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பட்டறை மூன்று வருஷம் கறிக்கடைக் கத்தியில் ஓடிவிட்டு நின்றது. வேண்டுமென்றே என் காதில் விழுகிற மாதிரிதான் ஊரில் பேசினார்கள். கத்தி தொட்டாலும் தொட்டாள், பாய் பொழைப்பில் மண். கறிக்கடைக்குப் போன காலே சரியில்லை. இன்னும் என்னென்னவோ. நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து, முப்பது வயதில் என்னைக் கட்டிக்கொள்ள ஒருவரும் கிடைத்து, ஒழுங்காகத்தான் வாழ்ந்தேன். விடைத்தாளில் சும்மா மார்க் போடாத டீச்சர் என்று அங்கேயும் கெட்ட பெயர்தான். போகட்டும்.

போன வருஷம் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னையே உற்றுப் பார்த்தார். நரைத்த தாடி. ஜாடை அப்படியே பாய். பெரிய பையன், சலீம். பாலிடெக்னிக்கை நடுவில் விட்ட பையன்.

"நீங்கதானே எங்க பட்டறைல நூலு கட்டனது?" என்றார்.

"ஆமாம்பா."

"உங்களாலதான் பட்டறை போச்சு."

ஆட்டோவில் ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வயதாகிவிட்டது, இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"ஆமாம்பா, என்னாலதான்" என்றேன். "உன் படிப்பு போனதுக்கு எனக்கு வருத்தம் இருக்குது. நெஜமாவே இருக்குது. ஆனா இன்னைக்கு அந்தக் கத்திய என் முன்னால வச்சாலும் கட்டுவேன்."

 ஐயம்பேட்டைக்கு முந்தின நிறுத்தம் வந்தது. இறங்கி, டிரைவரிடம் காசு கொடுத்துவிட்டு, குனிந்து ஆட்டோவுக்குள் தலையை நீட்டி, "அத்தா மவுத்தாகற வரைக்கும் எங்க வூட்ல உங்க பேர யாரும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னார். போய்விட்டார்.

பாய் போனதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி லாட்ஜ் நிற்கிறது. மஸ்தான் கடை இல்லை. எங்கள் வீட்டுத் தறி இரண்டும் இல்லை, அம்மா இல்லை. என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட ஒரே வீட்டில் என் பெயரும் இல்லை. அது ஒன்றுக்குத்தான் அழுதேன், ஆட்டோவிலேயே, எல்லாரும் பார்க்க. அந்தப் பனிமலை மனிதர் இப்போது கிழவராகியிருப்பார். விரல் போயிருந்தால் வேறு எதிலாவது போயிருக்கும். எங்கள் கத்தியால் போகவில்லை.